கூட்டம் போடுவதா, தோட்டத்துக்குப் போவதா, பாகமேற்று நடிப்பதா? செம்பனைக்காரர்களை ஒன்றாக யோசிக்க வைக்க நான்கு வழிகள்

சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை நம்மில் பாதிப் பேர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். மலேசியாவில் வணிக அளவில் முதல் செம்பனை நட்டது இங்கே, தென்னமாரம் தோட்டத்தில், 1917-ல். செம்பனை தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. ஆனால் குலை வெட்டுகிறவர், ஏழெட்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர், குலை வாங்கும் தவுக்கே, லோரி ஓட்டுநர், ஆலையில் தரம் பார்ப்பவர் என எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்ததுண்டா? பெரும்பாலும் இல்லை.

கூட்டுறவுக் கழகக் கமிட்டிகளில் இருப்பவர்களும் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளும் கேட்பது இதைத்தான்: "மண்டபம் ஒரு நாளைக்குக் கிடைக்கும். சாப்பாட்டுக்கும் கொஞ்சம் பணம் இருக்கு. எல்லாரையும் கூப்பிட்டு ஏதாவது புதுசா யோசிக்க வைக்கணும். எப்படி நடத்துறது?" வழக்கமான விளக்கக் கூட்டமா, தோட்டத்துக்கே கூட்டிப் போய்க் கற்றுக்கொடுப்பதா, பலகை விளையாட்டா, பாகமேற்று நடித்தலா? கையில் இருப்பது இந்த நான்கும்தான்.

பாகமேற்று நடித்தலில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் எல்லா நோய்க்கும் அதையே கொடுத்தால் ஊர் ஒரே தடவையில் சலித்துவிடும். அதனால் அளவுகோலிலிருந்து தொடங்குவோம்.

## எதை வைத்து அளப்பது

கோளாறு எங்கே இருக்கிறது? முதலில் கேட்க வேண்டியது இதுதான். மக்களுக்குத் தகவல் தெரியவில்லையா? தெரிந்தும் கைப்பழக்கம் இல்லையா? அல்லது ஆளுக்கொரு துண்டு தெரிந்தும் அந்தத் துண்டுகள் சேரவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மூன்றாவது வகைக்கு நம் செம்பனை வரலாற்றிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1981-க்கு முன்னால் இங்குள்ள தோட்டங்களில் தொழிலாளர்கள் மகரந்தத் தூளை எடுத்துக்கொண்டு பாளை பாளையாகத் தூவிக்கொண்டிருந்தார்கள். காமரூனில் அப்படி யாரும் தூவவில்லை, ஆனாலும் குலை நன்றாகப் பிடித்தது. இரண்டு நாட்டுத் தோட்டங்களையும் அறிந்தவர்களுக்குத்தான் ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வி வந்தது. பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அங்கே ஆராய்ந்து, வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று காட்டினார். 1981-ல் அந்த வண்டை ஜொகூரில் விட்டார்கள். கையால் தூவும் வேலை அதோடு ஓய்ந்தது. இங்கேயே காலம் முழுக்கத் தூவிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கேள்வி வர வழியே இல்லை.

பேசாதவர் பேசுவாரா? தவுக்கேயிடம் முன்பணம் வாங்கியிருப்பவர் தவுக்கே முன்னால் எடைக் கணக்கைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கூட்டம் மலாயில் நடந்தால் நம் பெரியவர்கள் சிலர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்களைப் பெரும்பாலும் கூப்பிடுவதே இல்லை. குலையில் முதலில் கை வைப்பவர் அவர்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

செலவு யார் தலையில்? மண்டப வாடகை கணக்கில் வந்துவிடும். கூலிக்காரர் இழக்கும் அரை நாள் சம்பளம் எந்தக் கணக்கிலும் வராது.

மறுநாள் என்ன மிஞ்சும்? படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டது மட்டும் மிஞ்சினால், அந்த நாள் வீண்.

## நான்கையும் உரசிப் பார்க்க ஒரு சிக்கல்

ஒரே சிக்கலை எடுத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். நம் பக்கத்துச் சிறுதோட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சிக்கல்தான்: குலை விலை.

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் குலை விலை, ஒரு சதவீத எண்ணெய்ப் பிழிவுக்கு (குலை எடையில் எண்ணெயாகக் கிடைக்கும் பங்குக்கு) இவ்வளவு என்று இருக்கும். அதை எத்தனை சதவீதத்தால் பெருக்குகிறார்கள் என்பதில்தான் நம் வருமானம் இருக்கிறது. ஒரு சதவீதத்துக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் போட்டால் டன்னுக்கு 800, 18 போட்டால் 720. அந்த 80 ரிங்கிட் எங்கே போனது என்று தோட்டக்காரர் கேட்டால் தவுக்கே ஆலையைக் காட்டுவார். ஆலை குலையைக் காட்டும்: காய் வந்திருக்கிறது, காம்பு நீளம், உதிரிப்பழம் இல்லை, வெட்டி நேரமாகிவிட்டது. குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும், அதுவும் உண்மைதான். தோட்டக்காரர் வெட்டுகிறவரைத் திட்டுவார். வெட்டுகிறவருக்கோ டன்னுக்குக் கூலி. குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை.

இந்தச் சுற்றில் யாரும் பொய் சொல்லாமலே எல்லாருக்கும் நஷ்டம் வரலாம்.

## விளக்கக் கூட்டம்

மலிவான வழி. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் ஆலோசனைப் பிரிவு அதிகாரிகள் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டால் வந்து பேசுவார்கள். உரிமம், மறுநடவு, செம்பனை எண்ணெய் நிலைத்தன்மைக்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் போன்றவற்றுக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அந்தச் சான்றிதழ் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம். அதில் கலந்து பேசி முடிவெடுக்க ஒன்றும் இல்லை, என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

குலை விலைச் சிக்கலுக்கு இது பாதி வழிதான் போகும். விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது புரியும். அதுவே பெரிய விஷயம், பலருக்கு அது தெரியாது. ஆனால் கேள்வி நேரம் வந்ததும் வழக்கமாகப் பேசும் மூன்று பேர் பேசுவார்கள், அதிகாரி பதில் சொல்வார், பிறகு மீ கோரெங். மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பத்துக் கூட்டத்துக்கு வந்து ஒன்றும் மாறவில்லை என்று கண்டவர்கள் பதினோராவதுக்கு வர மாட்டார்கள். அவர்களை மறுபடியும் வரவழைப்பது பெரிய பாடு.

## தோட்டத்தில் நேரில் கற்பது

1989-ல் இந்தோனேசியாவில் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளி முறை இதற்கு முன்மாதிரி. புகையான் பூச்சிக்கு மருந்தடித்து மருந்தடித்தே பூச்சி பெருகிப்போன நேரம் அது. விவசாயிகள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு முறை வயலில் இறங்கி, எந்தப் பூச்சி பயிரைத் தின்கிறது, எந்தப் பூச்சி பூச்சியைத் தின்கிறது என்று தாங்களே எண்ணிப் பார்த்தார்கள்.

செம்பனையில் கண்ணால் பார்த்து, கையால் செய்து படிய வேண்டியதற்கெல்லாம் இதுதான் சரி. மரத்தை அழுக வைக்கும் கனோடெர்மா காளான் அடியில் தெரிகிறதா, எலி கடித்த பழம் எப்படி இருக்கும், எலி பிடிக்கும் ஆந்தைக்குப் பெட்டியை எங்கே வைப்பது, கருப்பாக இருக்கும் குலைக்கும் செம்மஞ்சளாகப் பழுத்த குலைக்கும் நடுவில் எந்த நிலையில் வெட்டலாம் என்பதையெல்லாம் படம் போட்டுக் காட்டி முடியாது. நம் சிக்கலில் காய் வெட்டுவதும் காம்பை 5 சென்டிமீட்டருக்கு மேல் விடுவதும் இங்கே தீரும்.

தீராதது கூலிக் கணக்கு. பழுத்த குலை எது என்று தெரிந்தவர்தான் காயை வெட்டுகிறார். இன்னும் மூன்று இடம் பாக்கி, அடுத்த சுற்று வர மூன்று வாரம் ஆகும் என்றால் அவர் வேறென்ன செய்வார்? இந்த முறையில் நேரமும் அதிகம் போகும். ஒரே நாளில் முடித்தால் அது சுற்றுலாதான்.

## பலகை விளையாட்டு

ஊரின் வரைபடத்தை மேசையில் விரித்து, நிலம், மரம், பணம் எல்லாவற்றையும் வில்லைகளாக வைத்து, ஒரு சுற்றை ஓர் ஆண்டாகக் கொண்டு ஆடுவது. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வழிநடத்திய ஓபல் என்ற ஆய்வுத் திட்டம் காமரூன், கொலம்பியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளிலும் செம்பனையை வைத்து இப்படிப்பட்ட விளையாட்டுகளைச் செய்து பார்த்திருக்கிறது.

நீண்ட காலத் திட்டத்துக்கு இதற்கு ஈடு இல்லை. 25 வயது மரத்தை எப்போது சாய்ப்பது, மறுநடவு செய்து வருமானம் இல்லாத மூன்று ஆண்டை எப்படித் தாண்டுவது, பத்துப் பேர் சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஒரு மத்தியானத்தில் கண்முன் ஓடிவிடும். ஆனால் நல்ல விளையாட்டை வடிவமைக்க மாதக்கணக்கில் ஆகும், கணக்கும் சரியாக இருக்க வேண்டும். தவறான கணக்கில் செய்த விளையாட்டு தவறான பாடத்தை அழுத்தமாகக் கற்றுக்கொடுத்துவிடும், அதுதான் எனக்குப் பயம். பக்கத்தில் ஆர்வமுள்ள பல்கலைக்கழகத் துறை ஏதாவது கைகொடுத்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் தள்ளிப் போடுங்கள்.

## பாகமேற்று நடித்தல்

தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் செய்வதுதான். இங்கே பெரியவர்கள் செய்கிறார்கள், மேடை இல்லாமல், ஒப்பனை இல்லாமல், மனப்பாட வசனம் இல்லாமல். ஆறேழு நாற்காலி, ஆளுக்கொரு அட்டை. அட்டையில் நீங்கள் யார், உங்களுக்கு என்ன வேண்டும், உங்களைக் கட்டிப்போடுவது எது என்று மூன்று வரி. விதி ஒன்றுதான்: முதல் சுற்றில் யாரும் தன் சொந்த வேலையை எடுக்கக் கூடாது.

குலை விலைக்கு அட்டை எழுதினால் இப்படி இருக்கும்.

வெட்டுகிறவர்: "உனக்கு டன்னுக்குக் கூலி. உதிரிப்பழம் பொறுக்கினால் ஒரு மணி நேரம் போகும். மழை வருகிறது. இன்னும் மூன்று இடம் பாக்கி."

தவுக்கே: "போன வாரம் ஆலை உன் லோரிக்குப் பிழிவைக் குறைத்துப் போட்டது. பத்துப் பேருடைய குலை ஒன்றாகக் கிடந்தது. கெட்டது யாருடையது என்று உனக்குத் தெரியாது. எல்லாருக்கும் குறைத்தாய்."

தரம் பார்ப்பவர்: "வெளியே பதினைந்து லோரி நிற்கிறது. நீ மாதிரிக்குச் சில குலைகளைத்தான் பார்க்க முடியும். மேலாளர் பிழிவுக் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்."

எங்கள் பக்கத்தில் இதை ஆடியபோது ஒரு சிறுதோட்டக்காரர் தரம் பார்ப்பவராக உட்கார்ந்தார். நிஜக் குலைகளையே கொண்டுவந்து தரையில் போட்டிருந்தோம். கருப்பாக இருந்த இரண்டைக் காலால் தள்ளிவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டார். தவுக்கேயாக இருந்தவருக்குத் தெரியவில்லை. லோரி ஓட்டுநருக்கும் தெரியவில்லை. கேட்டவர் அப்படியே நின்றார். பிறகு, "அப்ப நல்ல குலை கொடுத்தவனுக்கும் நான்தானே விலையை வெட்டுறேன்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த, தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, தோட்டத்துல நாங்க காம்புல நம்பர் போடுவோமே. யார் வெட்டுனதுன்னு மண்டோர் அதைப் பார்த்துத்தானே கேப்பாரு. இங்கயும் போட்டா என்ன?"

காம்பில் எண் எழுதுவது தோட்டத்தில் வேலை செய்த எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். அதைச் சிறுதோட்டக்காரர்களின் குலைக்கும் கொண்டுவரலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எண் தேவைப்படும் இடத்தில் அவர்கள் யாரும் நின்றதில்லை. புதிய யோசனை என்று நாம் தேடுவது பெரும்பாலும் இப்படி ஒருவர் கையில் பழையதாகக் கிடப்பதுதான்.

உலக அளவிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. பூட்டானில் லிங்முதெய்ச்சு என்ற பள்ளத்தாக்கில் மேல் கிராமமான லிம்புகாவுக்கும் கீழ்க் கிராமமான தொம்போலாவுக்கும் நடவுக் காலத்து நீரைப் பங்கிடுவதில் நெடுநாள் தகராறு. 2003-ல் தொடங்கிய ஆய்வில் இரு ஊர் விவசாயிகளையும் ஆட வைத்தார்கள். ஒரு கட்டத்தில் மேல் ஊர்க்காரர் கீழ் ஊர்க்காரராகவும், கீழ் ஊர்க்காரர் மேல் ஊர்க்காரராகவும் மாறி உட்கார்ந்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தை பிற்பாடு இரு ஊருக்கும் பொதுவான நீர்க்குழு அமைவதில் போய் முடிந்தது. ஆட்டத்தோடு நிற்காமல் குழு வரைக்கும் போனதை நான் இங்கே குறிப்பாகக் கவனிக்கிறேன்.

சரி, மறைந்திருக்கும் செலவுகள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

நடத்துகிறவர் முக்கியம். அவர் தவுக்கேயின் உறவினராகவோ அரசியல் கட்சிக்காரராகவோ இருந்தால் யாரும் திறந்து பேச மாட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மாதிரி எல்லாரும் மதிக்கும், எந்தப் பக்கமும் பணத் தொடர்பு இல்லாத ஆள் வேண்டும்.

அட்டை எழுதுவதற்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள். கட்டிப்போடும் வரி இல்லாத அட்டை கொடுத்தால், தவுக்கே பாத்திரத்தை எடுத்தவர் உடனே வில்லனாகிவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அதே அறையில் உட்கார்ந்திருக்கும் நிஜத் தவுக்கே அடுத்த முறை வர மாட்டார், அவர் வராமல் ஒன்றும் மாறாது.

கடன்பட்டவர் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று தைரியமாகப் பேசிவிடுவார். ஆட்டம் முடிந்த பிறகும் அவர் கடன்பட்டவர்தான். அதனால் கற்பனை ஊர்ப்பெயர் வையுங்கள், படமும் காணொளியும் எடுக்க விடாதீர்கள், யார் என்ன சொன்னார் என்று குறிக்காமல் என்ன யோசனை வந்தது என்று மட்டும் குறியுங்கள்.

மொழிக்கும் ஒரு ஏற்பாடு தேவை. அவரவர் மொழியில் பேசட்டும், பக்கத்தில் ஒருவர் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கட்டும். கொஞ்சம் இழுக்கும், பரவாயில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரையும் பெரியவரையும் அறையில் வைத்துக்கொள்ள அதைவிட்டால் வழியில்லை. அவர்களுக்கு அரை நாள் கூலியைக் கமிட்டியே கொடுத்துவிடுவது நியாயம்.

"இந்த வயசுல நாடகமா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம், ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மேலே சொன்ன பெரியவர் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான்.

கடைசியாக, ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அதற்குப் பிந்திய பேச்சுக்கு வேண்டும். மூன்று கேள்வி போதும். உங்கள் அட்டையில் உங்களை எந்த வரி கட்டிப்போட்டது? நிஜத்திலும் அந்த வரி இருக்கிறதா? அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு? மூன்றாவது கேள்விக்குப் பதிலாக வருகிறவர் அறையில் இல்லை என்றால் அழைப்புப் பட்டியல் தப்பு. ஆலையிலிருந்து முடிவெடுக்கக்கூடிய ஓர் ஆளாவது வராமல் இந்த நாளை நடத்தாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | விளக்கக் கூட்டம் | தோட்டத்தில் கற்றல் | பலகை விளையாட்டு | பாகமேற்று நடித்தல் |
|---|---|---|---|---|
| எந்தக் கோளாறுக்கு | தகவல் இல்லாமை | கைப்பழக்கம் இல்லாமை | நீண்ட காலத் திட்டம் | ஆளுக்கொரு துண்டு தெரிந்திருப்பது |
| பேசாதவர் பேசுவாரா | அரிது | மரத்தடியில் பேசுவார் | ஓரளவு | பேசுவார், பாதுகாப்பு செய்து கொடுத்தால் |
| தயாரிப்பு | ஒரு தொலைபேசி அழைப்பு | பல வாரம் | பல மாதம் | இரண்டு மாலை, நல்ல நடத்துநர் |
| எத்தனை பேர் | மண்டபம் கொள்ளும் அளவு | இருபது, இருபத்தைந்து | பத்து, பன்னிரண்டு | ஆடுவோர் ஆறேழு, பார்ப்போர் இருபது |
| மறைந்த செலவு | சலிப்பு | நேரம் | தவறான கணக்கு | உறவுச் சிக்கல் |
| மறுநாள் மிஞ்சுவது | படிவமும் விவரமும் | கைத்திறன் | திட்ட வரைவு | ஒரு சோதனை முயற்சி, தேதி குறித்தால் |

## இவற்றில் எதையும் நடத்தக் கூடாத இடம்

சம்பள பாக்கி, தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம், வேலையில் அடிபட்டதற்கு இழப்பீடு போன்றவற்றுக்கு நாற்காலி போட்டு ஆடக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அங்கே ஒரு பக்கம் உரிமை இருக்கிறது, அதற்குத் தொழிலாளர் இலாகாவும் தொழிற்சங்கமும் நீதிமன்றமும் இருக்கின்றன. "கலந்து பேசலாம்" என்று கூப்பிட்டு உரிமையைத் தள்ளிப்போட வைப்பது தொழிலாளிக்குச் செய்யும் கெடுதல். வழக்கு நடக்கும்போது பாத்திரத்தில் இருந்துகொண்டு சொன்ன வார்த்தைகூடத் திரும்பி வந்து கடிக்கலாம்.

தொழிலாளர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிப் பழக வேண்டுமானால், பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற நாடக முறை உதவும். அநியாயம் நடக்கும் ஒரு காட்சியை நடித்துக் காட்டி, பார்ப்பவர் "நிறுத்து" என்று சொல்லி உள்ளே வந்து வேறு மாதிரி நடந்து பார்ப்பது அது. அந்த அறையில் முதலாளி இருக்கக் கூடாது.

## மாட்டுக்காரர்கள் கேட்பதற்கு

தோட்டத்தில் மாடு மேய்ப்பதில் மாடு வளர்ப்பவர்களுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் நடுவில் வரும் சிக்கலுக்கு எந்த வழி நல்லது என்று கேட்கிறவர்கள் பலர். இங்கே ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன், வரிசைதான் முக்கியம்.

முதலில் தோட்டத்துக்குப் போங்கள். வளர்ந்த மரத்தடியில் மாடு களையைத் தின்றால் களைக்கொல்லிச் செலவு குறையும். இளமரத்தில் விட்டால் மட்டையைத் தின்று கெடுக்கும். மின்வேலி போட்டுப் பகுதி பகுதியாக மேய்த்தால் இரண்டையும் சமாளிக்கலாம், அப்படி நடத்தும் தோட்டங்கள் இந்த நாட்டில் உண்டு. இதைக் கண்ணால் பார்க்காமல் பேச உட்கார்ந்தால் "மாடு வேணுமா, மரம் வேணுமா" என்ற பழைய சண்டைதான் நடக்கும். பார்த்துவிட்டு வந்த வாரத்திலேயே பாகமேற்று நடித்தலை வையுங்கள். மாட்டுக்காரர் மேலாளர் அட்டையையும், உதவி மேலாளர் மாட்டுக்காரர் அட்டையையும் எடுக்கட்டும். கால்நடைச் சேவைத் துறை அதிகாரி முதல் சுற்றில் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். எந்தத் திடலில், எத்தனை மாடு, வேலிக் காசு யார் பொறுப்பு, எந்தத் தேதியிலிருந்து என்ற நான்கையும் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகு சாப்பாட்டைப் பரிமாறுங்கள்.